மண்டியிடும் வண்டி

என் மாமியாருக்கு முன்னால் ஒரு வண்டி மண்டியிட்டதைத் தேக்கா மார்க்கெட் கார்பார்க்கில் நின்று என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். கொழுந்தன் அப்போதுதான் வாங்கியிருந்த பழைய வண்டி அது. நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் ரகம், கறுப்பு நிறம், ஆள் உயரம். உள்ளே அவன் ஏதோ பட்டனை அமுக்கினான். உஸ்ஸென்று பெருமூச்சு விட்டபடி அவ்வளவு பெரிய வண்டி மெல்லக் கீழே இறங்கியது. கதவு திறந்தது. அத்தை ஒரு முனகல்கூட இல்லாமல் தரையில் கால் வைத்து இறங்கினார். அவரைப் பிடித்துக்கொள்ளத் தயாராக என் ஓரகத்தி, தோளில் மார்க்கெட் பை, முகத்தில் அப்படியொரு பூரிப்பு.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்குக் கார் ஆசையெல்லாம் கிடையாது. இந்த ஊரில் கார் வைத்திருப்பவர்கள் படுகிற பாட்டைப் பார்த்தவள் நான். என் வயிற்றெரிச்சல் வேறு. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அத்தை எனக்குச் சொந்தம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அப்படித்தான். அவர் ஈசூனில் இளைய மகன் வீட்டில் இருக்கிறார். நான் ஜூரோங்கிலிருந்து ரயில் பிடித்துப் போய், அவரைக் கூட்டிக்கொண்டு மறுபடி ரயிலேறி, தேக்கா மார்க்கெட் இருக்கும் லிட்டில் இந்தியாவில் வந்து இறங்குவேன். நடுவில் ரயில் மாற வேண்டிய இடத்தில் நீளமான நடை. அங்கே அவர் என் முழங்கையைப் பிடித்துக்கொள்வார். மீன், பூ, வெற்றிலை வாங்கி முடித்து ஆளுக்கு ஒரு தோசை. அதில் பாதியைப் பிய்த்து என் தட்டில் தள்ளிவிட்டு, "தின்னு, எலும்பும் தோலுமா இருக்க" என்பார். நான் என்றைக்குமே எலும்பும் தோலுமாக இருந்ததில்லை.

அந்த ரயிலில்தான் அத்தை மனம்விட்டுப் பேசுவார். மாமா எந்தக் கடையில் குடித்துவிட்டுப் படுத்துக் கிடந்தார், எந்த நாத்தனார் என்ன சொல்லிக் குத்தினாள், பெரியவனை விடச் சின்னவன் மேல் தனக்கு ஏன் ஒரு கண் என்று எல்லாம் சொல்வார். பெரியவனின் பெண்டாட்டியிடமே அதைச் சொல்ல அவருக்குத் தோன்றியது எனக்குப் பெருமை. இந்தக் கதைகளில் ஒன்றுகூட ஓரகத்திக்குத் தெரியாது.

பிறகு அத்தைக்கு முட்டி தேய்ந்தது. அதைச் சொல்லித்தான் கொழுந்தன் வண்டி வாங்கினான்.

"அம்மா முட்டிக்காகத்தான் அண்ணி. இது ஏர் சஸ்பென்ஷன். ஸ்பிரிங்குக்குப் பதிலா ரப்பர் பை, உள்ள காத்து. பட்டனை அமுக்கினா வண்டி எறங்கும், இன்னொரு தடவ அமுக்கினா ஏறும்."

எனக்கே காற்றைப் பற்றிப் பாடம்! ஜூரோங்கில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் என் பிழைப்பே காற்றுதான். கம்ப்ரஸரிலிருந்து மிஷின்களுக்கு ஓடும் குழாய்களில் எங்கே கசிகிறது என்று காதைத் தீட்டிக் கேட்டு அடைப்பவள் நான். "அப்படியாப்பா" என்று கேட்டுக்கொண்டேன்.

ஓரகத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, நீங்க இனிமே எதுக்கு அவ்ளோ தூரம் அலையணும்? நாங்களே அத்தையக் கூட்டிட்டு வந்துடுறோம் லா. நீங்க சண்டேல நல்லாத் தூங்குங்க" என்றாள், இந்த ஊர் 'லா' போட்டு. நல்ல மனதோடுதான் சொன்னாள். அதுதான் இன்னும் எரிந்தது. பொல்லாதவளாக இருந்திருந்தால் வீட்டுக்கு வந்து திட்டித் தீர்த்திருக்கலாம்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் தூக்கமாவது, ஒன்றாவது! காலையில் எழுந்து என்ன செய்வதென்று தெரியாமல் கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினேன். அத்தையிடமிருந்து வீடியோ கால் வரும். பின்னால் கார் சீட், காதுக்கு இனிமையாக ஏசிச் சத்தம். "ரோட்டுல போறதே தெரியலடி, மிதக்குற மாதிரி இருக்கு" என்பார். "ரொம்ப சந்தோஷம் அத்தை" என்பேன். என் வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்ப்பார், உடனே மறுபடி பேப்பருக்குள் போய்விடுவார். புத்திசாலி.

மழைக்காலம் வந்தது, வண்டி படுத்துக்கொண்டது. முன்பக்கத்தில் இடது மூலை மட்டும் கீழே போய், சக்கரம் உள்ளே புதைந்து, வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும் படத்தைக் கொழுந்தன் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தான். கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்து அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். "அடடா, பாவம்" என்று பதில் போட்டேன். அப்போது என் மூஞ்சி எப்படி இருந்தது என்பது பக்கத்து சீட்டுக்காரிக்குத்தான் தெரியும்.

ஒர்க்‌ஷாப்பில் அந்த மூலையின் காற்றுப் பையை மாற்றினார்கள். வண்டி நன்றாக நின்றது, ஈசூனுக்குப் போய்ச் சேர்வதற்குள் மறுபடி சாய்ந்தது. கம்ப்ரஸரை மாற்றினார்கள். அதற்கும் மசியவில்லை. எனக்கென்ன, எனக்கு ஞாயிற்றுக்கிழமை திரும்பி வந்துவிட்டது! அத்தை மறுபடி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு ரயிலேறினார். விட்ட இடத்திலிருந்து கதை தொடர்ந்தது. தோசை வந்தது, பாதி என் தட்டுக்கு வந்தது. அந்த வண்டி அப்படியே கிடக்கட்டும் என்று வேண்டாத குறை.

ஆனால் அத்தையின் நடை முன்போல இல்லை. ரயில் மாறும் இடத்தில் கண்ணில் படும் பெஞ்சிலெல்லாம் உட்கார்ந்தார். ஒரு ஞாயிறு அப்படி உட்கார்ந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டே, "அந்த வண்டி எப்பத்தான் சரியாகும்?" என்றார்.

சுருக்கென்றது. "ஏன், என்கூட வர்றது கஷ்டமா இருக்கா?" என்று கேட்டேன்.

"உன்கூட வர்றது இல்லடி, நடக்குறது. நீ போய்ப் பாரேன் அத. காத்துன்னா உனக்குத் தெரியாததா? அவன் கண்டவன்கிட்ட குடுத்துக்கிட்டிருக்கான்."

அவ்வளவுதான், நான் காலி. காற்றென்றால் உனக்குத் தெரியாததா! இதை அத்தை வாயால் கேட்பதற்கு என் ஞாயிற்றுக்கிழமைகளை நானே தூக்கிக் கொடுக்கலாம் என்று அந்த நிமிடம் தோன்றியது. வண்டி சரியானால் அவர் மறுபடி அதில் ஏறிப் போய்விடுவார் என்று நன்றாகத் தெரியும். ஆனாலும் ஓரகத்தியின் கண்ணெதிரே, அத்தை பார்த்துக்கொண்டிருக்க, நான் அதை எழுப்பி நிறுத்த வேண்டும். பொறாமைக்கு எத்தனை வேஷம் பாருங்கள்.

சனிக்கிழமை காலை ஈசூனில் அவர்கள் அடுக்குமாடி புளோக்கின் கார்பார்க்குக்கு ஸ்பிரே பாட்டிலில் சோப்புத் தண்ணீரோடு போனேன். கொழுந்தன், ஓரகத்தி, மடக்கு நாற்காலியில் அத்தை. இஞ்சினை ஓடவிட்டு, பட்டனை அமுக்கிப் பிடித்து அந்தப் பக்கத்தை ஏற்றியதும் அணைத்தோம். பை, குழாய், மூட்டு என்று எட்டிய இடமெல்லாம் சோப்புத் தண்ணீரை அடித்தேன். கசிந்தால் நுரை கிளம்பும். ஒரு குமிழிகூட வரவில்லை. பக்கத்துக் கடையில் டீ குடித்துவிட்டு வந்து பார்த்தோம். வண்டி நிமிர்ந்தே நின்றது.

"பாத்தீங்களா, நீங்க வந்ததும் நல்ல புள்ள மாதிரி நிக்குது" என்று சிரித்தான் கொழுந்தன்.

"ஸ்டார்ட் பண்ணு" என்றேன்.

இஞ்சின் ஓடத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் உஸ்ஸென்ற சத்தம். இடது மூலை இறங்க ஆரம்பித்தது. எனக்கு விளங்கிவிட்டது. கசிவாக இருந்தால் இஞ்சின் அணைந்து சும்மா நிற்கும்போதும் இறங்கும். இது சும்மா நின்றால் இறங்கவில்லை, ஓடினால்தான் இறங்குகிறது. அப்படியென்றால் காற்று தானாகப் போகவில்லை, வண்டியே வேண்டுமென்று வெளியே விடுகிறது. அந்த மூலை ரொம்ப உயரத்தில் இருக்கிறது என்று யாரோ அதற்குப் பொய் சொல்கிறார்கள்.

"எவ்ளோ உயரத்துல இருக்குன்னு வண்டிக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"ஒவ்வொரு சக்கரத்துக்கிட்டயும் ஒரு சென்ஸார் இருக்கு அண்ணி. சின்னக் குச்சி மாதிரி, சக்கரத்தோட சேந்து மேலயும் கீழயும் ஆடும்."

இஞ்சினை அணைத்து, ஸ்டீயரிங்கை ஒடிக்கச் சொன்னேன். சக்கரம் திரும்பி வழி விட்டது. டார்ச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே கை விட்டேன். குச்சி அகப்பட்டது. அதன் கீழ்முனை கழன்று தொங்கியது. அதை ஆடவிடாமல் கீழ்ப்பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டு, சேறு பூசி, மழையில் ஊறி இறுகி, பார்த்தால் வயர் போலவே ஒரு கறுப்புக் கயிறு. கடைத்தெருவில் விற்கும் திருஷ்டிக் கயிறு! குச்சி கீழே போனால் மூலை உயர்ந்துவிட்டது என்றுதானே வண்டி நினைக்கும்.

"இது யாரு கட்டினது?" என்றேன்.

"அதுவா? சாமிக் கயிறு" என்றான் கொழுந்தன். "ஒர்க்‌ஷாப் அங்கிள்கூட பாத்தாரு. அது உங்க சாமி சமாச்சாரம், பந்தாங், நான் தொட மாட்டேன்னு சொல்லிட்டாரு."

தொட்டால் ஆகாது என்பதற்கு இங்கே எல்லா இனத்தாரும் சொல்கிற மலாய் வார்த்தை அது. அந்தச் சீனப் பெரியவர் நம் சாமிக்கு மரியாதை கொடுத்து, கயிற்றை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. முடிச்சை அறுத்து, குச்சியின் முனையை அதன் குமிழில் வைத்து அழுத்தினேன். டக்கென்று உட்கார்ந்தது. இஞ்சினைப் போட்டதும் கம்ப்ரஸர் முனகியது, சாய்ந்து கிடந்த மூலை எழுந்தது. காத்திருந்தோம். இறங்கவே இல்லை.

"அக்கா! சூப்பர் லா!" என்று ஓரகத்தி கைதட்டினாள். கொழுந்தன் கும்பிடே போட்டான். நான் திரும்பி அத்தையைப் பார்த்தேன். அதற்காகத்தானே வந்தது.

அத்தை என்னைப் பார்க்கவில்லை. என் கையிலிருந்த கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அதக் கீழ போட்டுடாத" என்றார்.

"நீங்களா கட்டினீங்க? அதுக்குள்ள எப்படிக் கை விட்டீங்க?"

"அன்னிக்கு சக்கரம் திரும்பித்தான் நின்னுச்சு. கைக்கு அகப்பட்ட கம்பில கட்டிட்டேன்."

"பெரிய வண்டியாச்சே, கண்டவங்க கண்ணு படும்" என்று சொல்லிக்கொண்டே கையைத் துடைத்தேன். "யாருக்காகக் கட்டினீங்க, எதிர்வீட்டுக்காரங்களுக்கா?"

ஓரகத்தி சட்டென்று வேறு பக்கம் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரியாதது அவளுக்குத் தெரிந்திருக்கிறது!

அத்தை மழுப்பவில்லை. "உன் கண்ணுக்குத்தான்" என்றார். "தேக்கால நின்னு பாத்தியே, ஆத்தாடி! வண்டியவா பாத்த? நான் எறங்குறதத்தானே பாத்த, என் காலையே பாத்துக்கிட்டு. நீ வயிறெரிஞ்சு பாத்து இருக்குற முட்டியும் போயிடுமோன்னு பயந்துட்டேன். வந்த ஒடனே கட்டிட்டேன்."

முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. இத்தனை மாதம் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, தோசையைப் பிய்த்துப் போட்டுக்கொண்டு, எல்லாம் தெரிந்துதான் இருந்திருக்கிறார். இல்லை என்று சண்டை போடலாம் என்று வாயைத் திறந்தேன். என்ன இல்லை? அத்தனையும் உண்மை. கோபத்தில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"எதுக்கு அழற? எனக்காகப் பொறாமைப்பட ஒருத்தியாவது இருக்காளேன்னு எனக்குச் சந்தோஷம்தான்" என்றார் அத்தை. "கயித்த மறுபடி கட்டு."

"நானா?"

"பின்ன? எனக்கு எது ஆடும், எது ஆடாதுன்னு தெரியுமா? இடிக்காத எடமாப் பாத்து நீயே கட்டு."

என் கண்ணுக்கு நானே கயிறு கட்ட வேண்டுமாம். சாக்கடையில் விட்டெறியலாமா என்று ஒரு கணம் பார்த்தேன். பிறகு தரையில் உட்கார்ந்து, முன்பக்க பம்பருக்குக் கீழே, வண்டியை இழுப்பதற்கென்று வைத்திருக்கும் அசையாத இரும்புக் கொக்கியில் கயிற்றைச் சுற்றினேன். அத்தை நாற்காலியிலிருந்தே எட்டிப் பார்த்தார்.

"ஒரு முடிச்சு போதுமா?" என்று கேட்டேன்.

"உனக்கா? ரெண்டு போடு" என்றார்.

இரண்டு போட்டேன்.