தரணியை நம்பாத தையல்காரி

தையல் தொழிலில் யாரையும் நம்பக் கூடாது. "இதே அளவுதான்" என்று பழைய ஜாக்கெட்டைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். ஆள் அதற்குள் ஒரு சுற்றுப் பெருத்திருப்பார். செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கடை போட்டதிலிருந்து சந்தேகமே எனக்குக் குணமாகிவிட்டது. இந்தக் குணத்தோடு, ஓர் இடத்தில் உட்காராத ஒன்பது வயது மகளை வளர்ப்பது என்ன பாடு என்று, அப்படியொரு பிள்ளையை வைத்திருக்கும் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஆறு கொக்கி

ஒரு கல்யாண ஜாக்கெட்டைக் கொடுத்து, ஆறு கொக்கி வைக்கச் சொன்னேன். மகள் தரணி இரண்டு வைத்தாள். தெருவில் குரங்கு போனது, பின்னாலேயே போய்விட்டாள். நானும் பார்க்காமல் மடித்துக் கொடுத்துவிட்டேன். விஷயம் தெரிந்ததும், வேண்டுமென்றே செய்தாள் என்று ஸ்கேலால் அடித்தேன். ஜாக்கெட்டோடு வந்து நின்ற வல்லத்து அம்மாள் அதைத் தடுக்கவில்லை. கேட்டது இதுதான்: "நாலு எடத்துல கையால புடிச்சிக்கினா, சீர்தட்ட எந்தக் கையால தூக்குறது?"

டீச்சர் கூப்பிட்டார்

எதை எழுதினாலும் பாதியில் நிறுத்திவிடுகிறாள், டாக்டரிடம் காட்டுங்கள் என்றார் டீச்சர். பள்ளிக்கூடத்தை விட்டுத் துரத்த இது ஒரு வழி என்று நினைத்தேன். அவர்கள் துரத்துவதற்கு முன் நானே நிறுத்தி, மிஷினில் உட்கார வைத்துவிடலாம். நானும் ஆறாவதோடு நின்றவள்தானே. அடித்தும் திருந்தவில்லையே என்று பக்கத்து மிஷின் ராணியக்காவிடம் புலம்பினேன். அக்கா ஊசியில் நூல் கோத்தபடியே சொன்னார்: "ஜாக்கெட்டு டைட்டா இருக்குதுன்னா திரும்ப அளவு எடுக்கறோம். துணியப் போட்டா அடிக்கறோம்?"

விழுப்புரம் டாக்டர்

அக்கா சொல்லித்தான் போனேன். டாக்டர் தரணியை விட்டுவிட்டு என்னைக் கேள்வி கேட்டார். சின்ன வயதில் நான் எப்படி, அடுப்பில் பால் வைத்தால் மறப்பேனா என்று. யாரோ என்னைப் பற்றிச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள் என்று தோன்றியது. இவளுக்கு இருப்பது திமிர் இல்லை, கவனம் நிற்காத குறை என்றார் டாக்டர். ஒரு சமயத்தில் ஒரு வேலை மட்டும் சொல்லுங்கள், முடித்தால் பாராட்டுங்கள், படிப்பை நிறுத்தாதீர்கள் என்றார். தலையாட்டிவிட்டு வந்தேன். எழுதிக் கொடுத்த சீட்டை அவர் மேஜையிலேயே விட்டிருந்தேன். அதை எடுக்கப் போய்க் குடையை விட்டேன். துணைக்கு வந்த ராணியக்கா சொன்னார்: "உனக்கும் சேத்து ஒரு சீட்டு வாங்கிக்கினு வந்துரு. இன்னொரு நாள் பஸ் ஏற வேணாம்."

ஒரு வரி

டாக்டர் சொன்னதை நான் நம்பவில்லை. பொய் என்று காட்டுவதற்காகவே செய்து பார்த்தேன். வீட்டுப்பாடம் எழுது என்பதை விட்டுவிட்டு, ஒரு வரி எழுதிக் காட்டு என்றேன். பிறகு இரண்டு வரி. மூன்றாம் வாரம், கடையில் உட்கார்ந்து முழுப் பக்கமும் எழுதினாள். எனக்குப் பயம் வந்துவிட்டது. காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டேன். எதையாவது பார்த்து எழுதுகிறாளோ என்று நோட்டைத் தூக்கிப் பார்த்தேன். அளவு கொடுக்க வந்த சிங்கவரத்துப் பெண் என் கையைப் பிடித்து இழுத்தாள்: "எழுதறவள எழுத வுடுக்கா. இப்ப நீதான் அவள ஒக்கார வுடாம பண்ணிக்கினு இருக்கற."

தரணி பள்ளிக்கூடம் போய்க்கொண்டுதான் இருக்கிறாள். பழக்கினால் அவளுக்குக் கவனம் வருமாம், எனக்கு நம்பிக்கை வர எந்த டாக்டரைப் பார்ப்பது என்றுதான் தெரியவில்லை.