பச்சை தெரியாத கண்ணாடி

சுமந்த் லேசர் லைட் ஓட்டக் கற்றுக்கொள்ள ஆரம்பித்தபோது வயது நாற்பத்தாறு. திருவனந்தபுரத்தில் அவர் இருந்த கரமனைத் தெருவில் அந்த வயது ஆண்கள் சர்க்கரைக்கு மாத்திரை போட ஆரம்பிப்பார்கள். சுமந்த் அதையும் செய்தார், இதையும் செய்தார். மாத்திரையைப் பற்றி எல்லோரிடமும் சொன்னார்.

தம்பானூரில் அவர் மேனேஜராக இருந்த கம்ப்யூட்டர் பயிற்சி நிலையம் மூடிப் போயிற்று. வேறு எங்கிருந்தும் அழைப்பு வராமல் வீட்டில் கதவு நாதாங்கிகளுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்த நாட்களில்தான், பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த மைதீன் வந்தான். கடையநல்லூர்க் குடும்பம். சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் லைட்டும் சவுண்டும் வாடகைக்கு விடுகிறான்.

"லேப்டாப்பைக் கண்டா மிரளாத ஆளு எனக்கு வேணும் வே. என் பயலுவ லாரியில எவ்ளோ வேணாலும் ஏத்துவானுவ. மவுஸைக் கையில குடுத்தா வேர்த்து ஒழுகுது."

அப்படித்தான் போனார். லேசர் பெட்டி ஒரு சின்ன சூட்கேஸ் அளவுதான். உள்ளே துளித்துளிக் கண்ணாடிகள் ஆடி ஆடி ஒரே ஒரு கோட்டை விசிறியாக்கும், சுரங்கமாக்கும், அலையாக்கும். கோடு கண்ணுக்குத் தெரிய வேண்டுமென்றால் ஹாலில் மெல்லிசாகப் புகை விட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விதி. லேப்டாப் திரையில் ஒரு எல்லைக்கோடு இருக்கும். வெளிச்சம் அதற்குக் கீழே இறங்கக் கூடாது. கீழே இருப்பது மனுஷர்களின் கண்.

ஒரு மத்தியானம் காலி ஹாலில் அவர் தனியாகப் பழகிக்கொண்டிருந்தபோது சிவப்பு விசிறி ஒன்று அவர் விரலுக்கு அடங்கி மெதுவாக விரிந்து மெதுவாக மூடியது. பயிற்சி நிலையத்தில் இத்தனை வருஷம் வேலை பார்த்ததில் இப்படி ஒரு சந்தோஷம் வந்ததில்லை. அதுதான் சங்கடமாக இருந்தது. வேறு வழியில்லாமல் செய்கிறேன் என்றால் ஒரு கௌரவம் உண்டு. பிடித்துப்போய்ச் செய்கிறேன் என்று யாரிடம் சொல்வது?

மனைவி பத்மஜாவுக்கு எல்லாம் தெரியும். அவளுடைய சித்தி பாகீரதி ஒருநாள் போனில், "சுமந்துக்கு ஏதாவது கிடைச்சுதோ?" என்று கேட்க, குக்கர் விசில் அடிக்கிற அவசரத்தில் பத்மஜா, "டெக்னோபார்க்ல கன்சல்டன்ட்டா இருக்கார் சித்தி" என்று சொல்லிவிட்டாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் அது குடும்பம் முழுக்கப் பரவியது. பிறகு அதைத் திரும்ப எடுக்க யாருக்கும் தோதுப்படவில்லை. மருமான்கள் சிலர் தங்கள் பயோடேட்டாவை அனுப்பி வைத்தார்கள். சுமந்த் அவற்றை வாங்கி வைத்துக்கொண்டார்.

சித்தியின் மகன் கேசவுக்குக் கல்யாணம். முகூர்த்தம் நாகர்கோவிலில், ரிசப்ஷன் மறுநாள் திருவனந்தபுரத்தில். முகூர்த்தத்துக்கு சுமந்த் பட்டுக்கரை வேஷ்டியில் போய் அட்சதை போட்டு வந்தார். ரிசப்ஷனுக்கு லைட் யார் என்பது அன்று சாயங்காலம்தான் தெரிந்தது. ஹால்காரர்கள் மைதீனிடம் கொடுத்திருந்தார்கள்.

"எனக்குப் பதிலா ஜெயனை அனுப்பேன்" என்று கேட்டுப் பார்த்தார்.

"ஜெயன் விழிஞ்ஞத்துல சர்ச் திருநாள் வேலையில இருக்கான். ஏன், உன் சொந்தக்காரங்க முன்னாடி என்கூட நிக்க வெக்கமா இருக்கா?"

"சே, அதில்லை."

"அதுதான்" என்றான் மைதீன். "பரவாயில்ல. பின்னாலதான மேசை. இருட்டு. எவன் பாக்கப் போறான்?"

வீட்டில், ஆபீஸ் வேலை இருக்கிறது, முடிந்தால் கடைசியில் வருகிறேன் என்று சொல்லிவிட்டார். பத்மஜா அவர் முகத்தைப் பார்த்தாள். எந்த ஹால் என்று இரண்டு பேரும் பேசவில்லை.

மேசை கடைசி வரிசைக்குப் பின்னால் இருந்தது. ஆனால் மைதீன் சொன்ன இருட்டு அங்கே இல்லை. லேப்டாப் வெளிச்சம் நேரே முகத்தில் அடித்தது. கைகழுவப் போகிறவர்கள் எல்லோரும் அந்த வழியாகத்தான் போக வேண்டும். கடையின் பெயர் போட்ட கறுப்பு டீ-ஷர்ட்டில் சுமந்த் குனிந்து குனிந்து உட்கார்ந்தார். பத்மஜாவின் ஒன்றுவிட்ட தங்கை குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓரடி தூரத்தில் கடந்தபோது, லேசர் பெட்டியோடு வந்த ஆரஞ்சு நிறப் பாதுகாப்புக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். கண்ணையும் பாதிக் கன்னத்தையும் மறைத்தது. முகக்கவசமும் போட்டார். இனி யாராலும் கண்டுபிடிக்க முடியாது என்று நிம்மதியாக இருந்தது.

அந்தக் கண்ணாடி பெட்டியைத் திறந்து பழுது பார்க்கும்போது போடுவதற்கானது. பச்சை வெளிச்சத்தையும் நீலத்தையும் அது உள்ளே விடாது. காட்சி நடத்தும்போது யாரும் போட மாட்டார்கள். போட்டால் தான் என்ன காட்டுகிறோம் என்று தனக்கே தெரியாது. சுமந்த் அதற்கு முன் அதை ஒரு தடவை கூடப் போட்டுப் பார்த்ததில்லை. மைதீன் வெளியே ஜெனரேட்டர் பக்கம் நின்றிருந்தான்.

மாப்பிள்ளையும் பெண்ணும் மேடை ஏறினார்கள். பாட்டு வந்தது. சுமந்த் விசிறியைத் திறந்தார். சிவப்பு வந்தது, பச்சை வரவில்லை. கொஞ்சம் கூட்டினார். வரவில்லை. இந்த நேரத்தில் மைதீனைக் கூப்பிட்டால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். எல்லைக்கோடு தடுக்கிறதோ என்று அதைக் கீழே இழுத்துவிட்டார். பச்சையின் அகலத்தை முழுக்கக் கூட்டினார்.

முன்வரிசையில் ஒரு பெண்குரல் வீறிட்டது.

கண்ணாடியைக் கழற்றினார். ஹால் முழுக்கப் பச்சை. அது எல்லாத் தலைகளுக்கும் மேலிருந்து இறங்கி, மேடை ஓரத்தில் சம்பந்திகளோடு நின்றிருந்த பாகீரதி சித்தியின் முகத்தில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. போன மாதம்தான் சித்திக்குக் கண்புரை ஆபரேஷன் ஆகியிருந்தது. சுமந்த் சிவப்புப் பொத்தானை அடித்தார். எல்லாம் அணைந்தது.

அடுத்து அவர் செய்தது இது. நாற்காலியில் தொங்கிய தன் முழுக்கைச் சட்டையை எடுத்து டீ-ஷர்ட்டின் மேல் போட்டு, கழுத்துவரை பொத்தானிட்டு, முகக்கவசத்தைச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு, கூட்டத்தை விலக்கி சித்தியிடம் போனார்.

சித்தி கண்ணைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர் கையைப் பிடித்ததும், "யாரு?" என்றாள்.

"சுமந்த், சித்தி."

"எப்போ வந்தே? ஆபீஸ் முடிஞ்சுதா?"

"இப்பத்தான் வந்தேன்."

பக்கத்தில் தண்ணீர் டம்ளரோடு பத்மஜா நின்றிருந்தாள். சட்டைக் காலருக்குள் கறுப்புத் துணி தெரிவதைப் பார்த்தாள். டம்ளரைச் சித்தியிடம் கொடுத்துவிட்டுத் தள்ளி நின்றாள்.

சித்தப்பா அழகியநம்பி, ரிட்டயரான பேங்க் மேனேஜர். குரலை உயர்த்தாமலே ஆளைக் கொல்லக்கூடியவர். "யாரு லைட் போடறது?" என்று கேட்டார். வெளியிலிருந்து ஓடிவந்த மைதீன் மேசையைப் பார்த்தான். நாற்காலி காலி. பிறகு சித்தியின் கையைப் பிடித்தபடி சொந்தக்காரர்களுக்கு நடுவே நிற்கும் சுமந்தைப் பார்த்தான். கொஞ்ச நேரம் பார்த்தான்.

"நான்தான் சார்" என்றான். "என் தப்பு."

"உங்களுக்கெல்லாம் கண்ணோட மதிப்பு தெரியுமாய்யா? சந்தையில வேலை பாக்கற ஆளுகளைக் கொண்டுவந்து ஹால்ல விட்டா இப்படித்தான்."

மைதீன் தலையைக் குனிந்துகொண்டான். சுமந்தும் குனிந்துகொண்டார்.

பெண் வீட்டாரில் ஒரு டாக்டர் இருந்தார். சித்தியின் கண்ணைப் பார்த்துவிட்டு, கூச்சம்தான், தெரிகிறதல்லவா, எதற்கும் நாளைக்கு ஆபரேஷன் செய்த இடத்தில் காட்டிவிடுங்கள் என்றார். சித்திக்கு எல்லாம் தெரிந்தது. மருமகளின் ஜிமிக்கி ஒரு பக்கம் திரும்பியிருப்பது கூடத் தெரிந்தது.

ஊரெல்லாம் பஃபே வைக்கிற காலத்தில் சித்தப்பா இலை போட்டுத்தான் ஆக வேண்டும் என்று சொல்லியிருந்தார். நெருங்கிய சொந்தத்துக்கென்று ஒரு பந்தி. "வாடா சுமந்த், பசியோட வந்திருப்பே" என்று அவரே கையைப் பிடித்து எதிரில் உட்கார வைத்தார். அடுத்த இலையில் பத்மஜா. டைனிங் ஹாலின் திறந்த கதவு வழியே மைதீனும் ஆட்களும் வயரைச் சுற்றிக்கொண்டிருப்பது தெரிந்தது.

சாத்தமுது, அதாவது ரசம், வந்தபோது ஹால் மேனேஜர் வந்து குனிந்து நின்றார். "சார், ஒண்ணும் விசாரிக்கண்டா, கவலைப்படாதீங்க. இனி அவங்களை இவிடே உள்ளே ஏத்த மாட்டோம்."

"இங்கே மட்டும் போறாது" என்றார் சித்தப்பா. "எனக்குத் தெரிஞ்ச ஹால் எல்லாத்துக்கும் நாளைக்கு நானே போன் பண்றேன். அந்த ஆள் இந்த ஊர்ல லைட் போடப்படாது."

மைதீனுக்கு இந்த ஹால்தான் வருஷத்தில் பாதி வேலை. சுமந்த் சாதத்தைப் பிசைந்தார். திரும்பவும் பிசைந்தார்.

"சித்தப்பா, அவனைச் சொல்லாதீங்கோ. லைட் போட்டது நான்."

"எந்த லைட்?"

"லேசர். அங்கேதான் வேலை பாக்கறேன். யாரும் பாத்துடப்படாதுன்னு கண்ணாடியைப் போட்டுண்டேன். அதுல பச்சை தெரியலை. நான்தான் கூட்டி விட்டேன்."

வரிசையில் பேச்சு நின்றது. கோடியில் யாரோ ஒருவர் மட்டும் விஷயம் எட்டாமல் அப்பளம் நொறுக்கிக்கொண்டிருந்தார்.

சித்திதான் முதலில் வாயைத் திறந்தாள். தன் கண்ணைப் பற்றிக் கேட்கவில்லை. "அப்போ டெக்னோபார்க்?"

"அது நான் சொன்னது சித்தி" என்றாள் பத்மஜா.

"என் அண்ணா பிள்ளையோட பயோடேட்டாவை வாங்கிண்டானே."

 சுமந்துக்கு எழுந்து போய்விட வேண்டும் போல இருந்தது. ஆனால் பந்தியில் நடுவில் எழக் கூடாது. எல்லோரும் முடித்து, பெரியவர் எழுந்த பிறகுதான் எழ வேண்டும். ஒருவர் முன்னால் எழுந்தால் மொத்த வரிசைக்கும் அவமானம். இவர்களுக்கு இன்னும் ஒரு அவமானம் கொடுக்க அவருக்குத் தைரியம் இல்லை. பாயசம் வந்தது. போளி வந்தது. பரிமாறுகிறவர் இவர் இலைக்கு நேரே நின்று, "சாருக்கு இன்னொண்ணு?" என்று கேட்டார். வேண்டாம் என்று கை காட்டினார். எதிரில் சித்தப்பா அவரைப் பார்க்காமல், ஒவ்வொரு பருக்கையாக, மோர்சாதம் முடியும்வரை நிதானமாகச் சாப்பிட்டார். வழக்கத்தைவிட மெதுவாகச் சாப்பிட்டார் என்றே சுமந்துக்குத் தோன்றியது.

"இவருக்கு மோர் விடுங்கோ" என்றாள் பத்மஜா.

கடைசியில் இலையை மடித்தபடி சித்தப்பா மேனேஜரைக் கூப்பிட்டார். "அந்த ஆளை ஒண்ணும் பண்ண வேண்டாம். இது எங்க வீட்டு விஷயம்." எழுந்து கைகழுவப் போனார்.

சுமந்த் முழுக்கைச் சட்டையைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு ஹாலுக்குள் போய் வயரின் ஒரு முனையை எடுத்தார். மைதீன் தடுக்கவில்லை.

"சொல்லிட்டேன்" என்றார்.

"கேட்டுச்சு. போளி வரைக்கும் உக்காந்திருந்ததும் தெரிஞ்சுச்சு."

"நடுவுல எழக் கூடாது மைதீன்."

"நான் திட்டு வாங்குனப்ப நீ நின்னுக்கிட்டுத்தானே இருந்தே." அவன் வேறொரு வயரைச் சுற்ற ஆரம்பித்தான். "அதை முறுக்காம சுத்து. உள்ள கம்பி அந்துபோவும்."

சொந்தக்காரர்கள் கிளம்பினார்கள். மேசையைத் தாண்டித்தான் வாசலுக்குப் போக வேண்டும். சிலர் சிரித்தார்கள், சிலர் செல்போனைப் பார்த்தபடி நடந்தார்கள். சித்தி ஆபரேஷனுக்குப் பின் கொடுத்த கறுப்புக் கண்ணாடியோடு நின்று ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சித்தப்பா முழங்கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போனார். பத்மஜா தாம்பூலப் பையோடு கடைசியாக வந்தாள். வாசலில் இரண்டு அத்தைகள் அவளுக்காகக் காத்திருந்தார்கள்.

"சாமானெல்லாம் ஏத்தி முடிக்க நேரமாகுமா?" என்று அவர்கள் காதில் விழும்படிக் கேட்டாள்.

"ஆகும்."

"வீட்டுச் சாவியை எடுத்துண்டு வந்திருக்கேளா?"

இருக்கிறது என்று தலையாட்டினார். அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. அவள் போனதும் வயரை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றி, முறுக்கில்லாமல் சுற்ற முயன்றார். அது திரும்பத் திரும்ப முறுக்கிக்கொண்டது.