கல்லில் படுத்துத் தூங்கியவர் காட்டிய வழி

1. இடுப்பில் செருகிய வெற்றிலை

எங்கள் குற்றாலநாதருக்கே தலைவலி வரும் என்பார்கள். ஓயாமல் அருவிச் சாரலிலேயே இருக்கிறவர் அல்லவா? அதனால் அவருக்கு மூலிகைத் தைலம் சாத்துவது வழக்கம். அவரை நினைத்து முதல் சொட்டைத் தரையில் விட்ட பிறகுதான் நானும் எண்ணெய்க் கிண்ணத்தில் கை வைப்பேன்.

என் தொழில் குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்ப்பது. பேரருவிக்குப் போகும் வழியில் எனக்கென்று ஒரு தட்டைக் கல் இருந்தது. அதில் படுக்க வைத்து, தேய்த்து, உருவி, சொடக்கு எடுத்து அருவிக்கு அனுப்புவேன். பக்கத்தில் என் மனைவி செண்பகம் சீயக்காய்ப் பொடி விற்பாள்.

சாரல் நின்றால் எங்கள் அடுப்பும் நின்றுவிடும். அவள் கீழப்பாவூரில் அண்ணன் வீட்டுக்குப் போவாள். நான் சுந்தரபாண்டியபுரத்தில் வயல் வேலைக்குப் போய்க் களத்திலேயே படுத்துக்கொள்வேன். கல்யாணமான நாளிலிருந்து இதே கதைதான். ஒரு நாள் அவள் தீர்மானமாகச் சொல்லிவிட்டாள்.

"பன்னெண்டு மாசமும் ஒரே அடுப்பு எரியணும். அது எந்தச் சீமையா இருந்தாலும் சரி, நான் வாரேன்."

மலேயாவுக்குப் போய் அங்கேயே இருந்துவிடுவது என்று முடிவு செய்தோம். எந்த வழியாகப் போவது என்பதுதான் குழப்பம். ஆனால் வழி தெரிந்தவர்கள் எல்லோரும் சாரல் காலத்தில் என் கல்லுக்குத்தானே வர வேண்டும்?

முதலில் வந்தவர் ரப்பர் தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணி. கல்லில் குப்புறப் படுத்துக்கொண்டே பேசினார்.

"ஏலே, கப்பலும் சும்மா, சோறும் சும்மா. புருசன் பொஞ்சாதி ரெண்டு பேருக்கும் வேலை. மரமே பால் கொடுக்கு, நீ போயிப் பிடிச்சாப் போதும்."

"இருக்க வீடு உண்டுமா மொதலாளி?"

"லயன் இருக்குலே. வரிசையா, கோயில் பிரகாரம் மாதிரி."

"தோட்டத்த மூடிட்டா?"

"திருப்பி அனுப்பிருவாங்க. ஊருக்குத்தான வாரே, காட்டுக்கா போறே?"

பேசியபடியே சுருக்குப்பையிலிருந்து வெற்றிலை பாக்கை எடுத்து நீட்டினார். "வெள்ளிக்கிழமை தென்காசி டேசனுக்கு வந்துரு."

கங்காணி கொடுத்த வெற்றிலையை வாங்கிப் போட்டுவிட்டால் வாக்குக் கொடுத்ததாக அர்த்தம். அதற்குப் பிறகு பேச்சு மாறக்கூடாது. நான் யோசிக்காமல் கை நீட்டிவிட்டேன். மணிக்கட்டு வரை எண்ணெய் இருந்ததால் விரல் நுனியால் வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டேன்.

அவர் உடம்பு பிசைந்த மாவு போல இருந்தது. பிடரி மட்டும் மரக்கட்டை. பாதையில் யார் நடந்தாலும் தலையைத் தூக்கி, "யாருலே அது?" என்று கேட்டார். கடைசிவரை அந்தப் பிடரி இளகவே இல்லை.

2. பினாங்குக் கணக்கப்பிள்ளை

மறுநாள் வந்தவர் பினாங்கில் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதுகிறவர். நல்ல மனிதர். கடைக்கு ஆள் வேண்டும், என்னைச் சேர்த்துவிடுகிறேன் என்றார்.

"வீட்டுக்காரியக் கூட்டிட்டு வரலாமா அண்ணாச்சி?"

"அது கடைக்கு ஒத்து வராது தம்பி. மூணு வருசக் கணக்கு. முடிஞ்சா ஊருக்கு வந்து எல்லாரையும் பாத்துட்டுத் திரும்பிரணும்."

செண்பகம் சீயக்காய் அளந்தபடியே கேட்டாள். "ஒங்களுக்கு எத்தன பிள்ளைங்க அண்ணாச்சி?"

"ரெண்டு. சின்னவன் இப்பத்தான் மொத மொதலா என்னைப் பாக்கான். மாமான்னு கூப்பிடுதான்."

சொல்லிவிட்டு அவர் சிரித்தார். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. கல்லில் படுத்திருந்த நேரமெல்லாம் அவர் உதடு எதையோ கூட்டிக்கொண்டே இருந்தது.

3. குரங்குக்கும் எழுந்திருக்காதவர்

அதற்கு அடுத்த நாள் மலேயாவில் தைப்பிங் என்ற ஊரிலிருந்து ஒரு பால்காரர் வந்தார். அவர் மனைவி குளிக்கப் போயிருந்தார். பால் கறந்து கறந்து அவருக்கு விரல் முட்டெல்லாம் வீங்கியிருந்தது. குதிகாலில் காசு நுழைகிற அளவுக்கு வெடிப்பு. பாடுபடுகிற உடம்பு என்று தொட்டதுமே தெரிந்தது.

வலது காலை உருவி முடிக்கவில்லை, மனிதர் குறட்டை விட்டார். சாரல் முகத்தில் அடித்தது. எழவில்லை. ஒரு குரங்கு இறங்கி வந்து அவர் மூட்டையை அவிழ்த்து, தலைமாட்டிலேயே உட்கார்ந்து வாழைப்பழத்தை உரித்துத் தின்றது. அதற்கும் எழவில்லை. செண்பகம் குச்சியை ஓங்கியபோதுதான் கண்ணைத் திறந்தார்.

"விடு தாயி. அதுக்கும் பசி."

நான் மெதுவாகக் கேட்டேன். "நீங்க எப்படிப் போனீங்க அண்ணாச்சி?"

"நானும் எம் பொஞ்சாதியும் சொந்தச் செலவுல டிக்கெட் எடுத்து கப்பல் மேல்தட்டுல, டெக்குல போனோம். தோட்டத்துக்கும் பேர் கொடுக்கல, கடைக்கும் பேர் கொடுக்கல. மொதல்ல மாட்டுக் கொட்டகை ஓரமா குடிசை. இப்ப எங்களுக்குன்னு ஒரு வீடு. இருன்னு சொல்லவும் ஆளில்ல, போன்னு சொல்லவும் ஆளில்ல."

"கஷ்டம் இல்லையா?"

"இல்லாம? மாடு ஒதைக்கும்."

"அங்கன மழை உண்டுமா?" இது செண்பகம்.

"மலையடிவாரம்லா? தினமும் சாரல்தான். சீசன்னு தனியாக் கெடையாது."

அவள் என்னைப் பார்த்தாள். நான் என் எண்ணெய்க் கிண்ணத்தைப் பார்த்தேன்.

4. தென்காசி ஸ்டேஷன்

அன்று வீட்டுக்கு நடக்கும்போது அவள் சொன்னாள். "தூங்குதவரு வழியில போவோம்."

"ஏட்டி, அவரு காலப் பாத்தியா? கங்காணி உடம்பு பஞ்சு மாதிரி இருக்கு."

"பஞ்சா இருந்து என்ன செய்ய? செருப்புச் சத்தம் கேட்டாலே பதறுதாரு. கணக்கப்பிள்ளைய அவரு மகனுக்கே அடையாளம் தெரியல. பால்காரரு கொரங்கு வந்தும் முழிக்கல."

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. "கங்காணிகிட்ட வெத்தல வாங்கிட்டேனே!"

"வாயில போட்டீங்களா?"

"கை பூரா எண்ணெய். எப்படிப் போட?"

என்னிடமிருந்து அந்த வாடிய வெற்றிலையை வாங்கிப் பார்த்து அவள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை குளித்து, காசி விசுவநாதரைக் கும்பிட்டுவிட்டு ஸ்டேஷனுக்குப் போனோம். கங்காணி தன் ஆட்களை வரிசையாக உட்கார வைத்திருந்தார். நான் வாயைத் திறக்கும் முன் செண்பகம் வெற்றிலையை நீட்டினாள்.

"சுண்ணாம்பு கூடத் தடவல அண்ணாச்சி. கொடுத்தது கொடுத்தபடி இருக்கு."

"வாடிப் போச்சே. இத யாரு திம்பா?"

"அதுக்குத்தான் கொழுந்தா வேற கொண்டாந்திருக்கேன்."

சுற்றி இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். கங்காணி முறைத்தார். பிறகு கொழுந்து வெற்றிலையை வாங்கி, மடித்து வாயில் போட்டுக்கொண்டார். அத்தோடு என் வாக்கு எனக்குத் திரும்பிவிட்டது.

5. கப்பலில்

செண்பகத்தின் பாம்படம் எங்கள் இருவருக்கும் டிக்கெட் ஆனது. வெறுங்காதோடு நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியவள், "தலை லேசா இருக்கு" என்றாள்.

டெக்கில் எனக்கு ஒரே மயக்கம். மீதமிருந்த எண்ணெயை அவள் என் உச்சியில் வைத்துத் தேய்த்தாள். எத்தனையோ பேரைப் படுக்க வைத்த எனக்கு அதுவரை யாரும் எண்ணெய் தேய்த்ததில்லை. எப்போது தூங்கினேன் என்று தெரியாது. பினாங்கு மலை தெரிகிறது என்று அவள்தான் எழுப்பினாள்.

தைப்பிங்கில் பால்காரர் கொட்டகை ஓரத்திலேயே எனக்கும் எண்ணெய் தேய்க்க ஒரு பலகை போட இடம் கிடைத்தது. பிற்பாடு வீடும் ஆயிற்று. கஷ்டங்களும் வந்தன. ஆனாலும் சாரல் நிற்கவில்லை, அடுப்பும் அணையவில்லை. முதல் சொட்டு இன்றைக்கும் குற்றாலநாதருக்குத்தான்.

புது நாட்டில் நிலைத்து இருக்க நினைக்கும் தம்பிமார் இப்போதும் என்னிடம் வழி கேட்கிறார்கள். சம்பளம் கேளுங்கள், வீடு கேளுங்கள், மனைவியை அழைத்துப்போக முடியுமா என்று கட்டாயம் கேளுங்கள். எல்லாம் கேட்ட பிறகு, சொல்கிறவரை ஒரு கல்லில் படுக்க வைத்து நல்லெண்ணெய் தேய்த்துப் பாருங்கள். அவர் தூங்கினால் புறப்படுங்கள்.