டேப்பு அக்காவின் பத்தடி

கழுத்தில் இன்ச் டேப் இல்லாமல் அவளை யாரும் பார்த்ததில்லை. அதனால் தெருவுக்கே அவள் டேப்பு அக்கா. தம்பி வீட்டு மாடிப்படிக்குக் கீழே, செருப்பு ஸ்டாண்டுக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் நடுவில் தையல் மெஷினைப் போட்டு, இருபத்தாறு வருஷம் ஊருக்கெல்லாம் துணி தைத்தாள். விருந்தாளி வந்தால் மெஷின் மேல் போர்வையைப் போட்டு மூடிவிட்டு எழுந்து போய்விட வேண்டும். போ என்று யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. தம்பி தொண்டையைக் கனைப்பான், அவ்வளவுதான். அதைக் கேட்டதும் அவள் எழுந்துவிடுவாள்.

ஐம்பத்து மூன்று வயதில் சொந்தமாக ஒரு துண்டு நிலம் வாங்கி, வீட்டுக்குப் பிளான் போடும் டிசைனரிடம் போனாள். துணைக்கு என்று தம்பியும் தொற்றிக்கொண்டான். நோட்டுத்தாளில் அவளே வரைந்து கொண்டுபோயிருந்தாள். வீட்டின் அகலம் இருபதடி. முன்பக்கம் பத்தடிக்கு ஹால், பத்தடிக்குத் தையல் அறை, அதில் தெருவைப் பார்த்து பெரிய ஜன்னல்.

டிசைனர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“எல்லாம் சரி மேடம். சுவரை எங்க வைக்கிறது?”

ஓரத்தில் இரண்டு சுவர், நடுவில் ஒன்று. ஒவ்வொன்றும் ஒன்பது அங்குலம். சுவருக்கே இரண்டேகால் அடி போய்விடும். தையலுக்குத் துணி விடாமல் வாழ்நாளில் ஒரு சட்டைகூட வெட்டாதவள், சுவருக்கு இடம் விட மறந்திருந்தாள். தலையில் அடித்துக்கொண்டு அவளே சிரித்தாள்.

தம்பி சிரிக்கவில்லை. அவனுக்கு ஒரு சாக்குக் கிடைத்துவிட்டது. ஒரு வாரம் கழித்துப் போனபோது, புதிய வரைபடத்தில் தையல் அறையையே காணோம். ஹால் மட்டும் பதினெட்டரை அடிக்குப் பரந்து கிடந்தது. மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்னக் கட்டம். அதற்குள் ‘மெஷின்’ என்று எழுதியிருந்தது.

“யாரு மாத்தச் சொன்னது?”

“சார்தான் போன் பண்ணினாரு” என்றார் டிசைனர்.

“இடம் பத்தலையேக்கா” என்றான் தம்பி. “நாலு பேரு வந்து போற வீடு. ஹால் பெருசா இருந்தாத்தான் மதிப்பு. உனக்கு மாடிப்படி பழகின இடம்தானே?”

பழகின இடமாம்! இருபத்தாறு வருஷம் குனிந்து குனிந்து உட்கார்ந்ததற்கு இவன் வைத்த பேர் அது. அவளுக்கு உச்சந்தலை வரை சுட்டது. எழுந்து நாற்காலிகளை ஓரம் தள்ளினாள். பையிலிருந்து துணியில் கோடு போடும் சாக்கட்டியை எடுத்து, டேப்பைப் பிடித்து, டிசைனரின் தரையிலேயே, ஹாலுக்குப் பத்தடி போக மிஞ்சும் ஏழேமுக்கால் அடிக்கு இரண்டு சுவர்க்கோடு போட்டாள். உள்ளே ஒரு ஓரம் துணி வெட்டும் மேஜைக்கு நாலடி, மறு ஓரம் மெஷினுக்கு இரண்டடி.

“இப்ப நடுவுல நட பார்ப்போம்.”

தம்பி வயிற்றை எக்கிப் பார்த்தான், பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தான். கால் மேஜைக் கோட்டை மிதித்தது.

“பார்த்தியா? பத்தடிக்குக் கொறைஞ்சா என் வேலை நடக்காது. மிச்சம் ஏழேமுக்கால் ஹாலுக்கு.”

டிசைனர் பழக்கதோஷத்தில் தம்பி பக்கம் திரும்பினார். “சார், அப்படியே மாத்திடலாமா?”

அவள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “அங்க என்ன பார்வை? நிலம் என் பேர்ல இருக்கு. குடியிருக்கப் போறது நான். என்னைப் பார்த்துக் கேளுங்க.”

டிசைனர் நாற்காலியோடு அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். “சரிங்க மேடம். தையல் அறை பத்தடி.”

“ஊர் சிரிக்கும்க்கா” என்று தம்பி கடைசியாக முனகினான். “அந்த இத்துனூண்டு ஹால்ல யாரு உக்கார முடியும்? நான் வந்தாக்கூட எங்க உக்கார்றது?”

“பட்டனுக்குக் காஜா போடத் தெரிஞ்சா என் ரூம்ல வந்து உக்காரு.”

தம்பி தொண்டையைக் கனைத்தான். அவள் எழுந்திருக்கவில்லை.