எல்லோரும் சொல்லலாம்

"டீச்சர், அக்கா போயிட்டாங்க. படியிலேயே." பரமேஸ்வரியின் தம்பி தொலைபேசியில் சொன்னது இவ்வளவுதான். எந்தப் படி என்று நான் கேட்கவில்லை. அவரை அறிந்த நீங்களும் கேட்டிருக்க மாட்டீர்கள்.

தேயிலைக் கொழுந்துக் கூடையோடு மலையில் சறுக்கி விழுந்ததில் அவருக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு போயிற்று. பிறகு தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்து அறையில், கையால் சுற்றும் தையல் மெஷினோடு பிழைத்தார். என் ரவிக்கைகளை அவர்தான் தைத்தார். அளவெடுக்கும்போதே ஆளையும் அளந்துவிடுவார்.

லயத்திலிருந்து ரோட்டுக்கு இறங்கக் கல்படிகள் மட்டுமே. கிளினிக் நாளில் தம்பியும் பக்கத்து வீட்டுக்காரரும் அவரைச் சக்கர நாற்காலியோடு தூக்கி இறக்குவார்கள். "அண்ணே, பல்லக்கை ஆட்டாதீங்க. சாமி வாந்தி எடுத்துரும்" என்பார். சிரித்தால் பிடி நழுவும் என்று அவர்கள் பல்லைக் கடித்துக்கொள்வார்கள்.

சுற்றுலாப் பயணிகள் குவியும் எல்லவுக்குப் போகும் வீதியோரம், சக்கர நாற்காலியிலும் போகக்கூடிய நடைபாதை ஒன்று போட்டார்கள். மெதுவான சரிவு, வழவழப்பான கைப்பிடி, கோடியில் மலையைப் பார்க்க ஒரு மேடை. திறப்பு விழாவுக்குப் பரமேஸ்வரியைத் தூக்கி வந்து, மாலை போட்டுப் படமெடுத்தார்கள்.

"சார், இதே மாதிரி எங்க லயத்துக்கும் ஒண்ணு போடுங்க. அவசரம்னா ஆஸ்பத்திரிக்குப் போகணும்ல?" என்று கேட்டார்.

"அது தோட்டத்துக் காணிம்மா. தொரைகிட்ட கேளுங்க" என்றார் விழாவுக்கு வந்த அதிகாரி. தோட்டத்து மேனேஜரான துரை ஏற்கெனவே அதிகாரியிடம் கேட்கச் சொல்லியிருந்தார்.

அப்போதுதான் நடைபாதை முகப்பில் நட்டிருந்த பலகையைப் பார்த்தேன். 'எல்லோரும் செல்லலாம்' என்றிருக்க வேண்டியதில் ஒரு கால் கூடுதலாக விழுந்து, 'எல்லோரும் சொல்லலாம்' என்றிருந்தது. தமிழ் கற்பிப்பவள் நான்; எரிச்சலோடு பரமேஸ்வரிக்குக் காட்டினேன்.

"பலகைக்கு ஒரு கால் கூடிப்போச்சா? எனக்குக் குடுத்திருக்கலாம்" என்று சிரித்தார். "விடுங்க டீச்சர். சரியாத்தானே எழுதியிருக்கான்? சொல்லலாம். யாரு வேணா சொல்லலாம்."

நான் விடவில்லை. பலகையைத் திருத்தச் சொல்லி முறைப்பாடு எழுதிப் போட்டேன்.

பரமேஸ்வரிக்கு நெஞ்சு வலித்த அன்று மழை. ஆம்புலன்ஸ் கீழே ரோட்டில் நின்றது. வழுக்கும் படியில் நாற்காலி ஆகாதென்று கம்பளியில் கிடத்தித் தூக்கினார்கள். பாதிப் படியில் மூச்சு நின்றது. இனி இறக்குவதா, ஏற்றுவதா என்று மழையில் நின்றே பேசினார்களாம்.

"ஆட்டாமத்தான் தூக்கினோம், டீச்சர்" என்றார் தம்பி.

கருமாதிக்கு முன்பே பலகையைத் திருத்திவிட்டார்கள். கூடுதல் கால் இருந்த இடத்தில் வெள்ளை பூசியிருக்கிறது. படிகள் அப்படியே இருக்கின்றன.

அவர் தைத்த ரவிக்கைகள் நாளடைவில் கிழிந்துபோகும். பரமேஸ்வரியிடமிருந்து நான் வைத்துக்கொள்வது 'சொல்லலாம்' என்பதிலிருந்த அந்தக் கூடுதல் கால்தான்.