வீட்ல எப்படிக் கூப்பிடுவீங்க?

கிளிப் உடைந்து, வெள்ளை பிளாஸ்டர் சுற்றிய சின்ன டார்ச் அது. டாக்டரம்மா அதைக் கட்டில் கம்பியில் தட்டியபடி வார்டுக்குள் நடந்துகொண்டே இருப்பார். உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. மூளையில் அடிபட்டு நினைவிழந்தவர்களுக்கென்றே ஒரு தீவிர சிகிச்சைப் பிரிவைப் பூந்தமல்லியில் அவர் தொடங்கியபோது, நகரத்தை விட்டு அங்கே யார் வருவார்கள் என்று சிரித்தார்களாம். பிறகு வெளிமாநில டாக்டர்களெல்லாம் கற்றுக்கொள்ள வந்து அவர் பின்னால் ஓடினார்கள். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் படித்து நர்ஸாகச் சேர்ந்த நானும் ஓடினேன். டார்ச்சைக் கண்ணில் அடித்துப் பார்த்ததும் உறவினர்களிடம் அவர் கேட்பது ஒன்றுதான்: "வீட்ல இவரை எப்படிக் கூப்பிடுவீங்க?" நானோ, "கண்ணைத் திறங்க சார்" என்று மரியாதையாகக் கூப்பிடுவேன். "இவரை எவன்ப்பா சார்னு கூப்ட்டிருக்கான்?" என்பார்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுபவர் ஒருவர் பைக்கிலிருந்து விழுந்து வந்து சேர்ந்தார். மயக்க மருந்தை நிறுத்தி நாட்களாகியும் விழிக்கவில்லை. "போதும் டாக்டரம்மா, ஊட்டுக்கே இட்டுகினு போறோம்" என்றார் அவருடைய அண்ணன். செயற்கை சுவாசக் குழாயை எடுத்தால் வழியிலேயே உயிர் போகும் என்று அவருக்கும் தெரியும். டாக்டரம்மா மனைவியை உள்ளே அழைத்து வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"அவரு பேர நான் சொன்னதே இல்ல டாக்டரம்மா."

"பேரு வேணாம்மா. கோவம் வந்தா?"

அந்த அம்மா பக்கத்தில் நின்ற கணவரின் அண்ணனைப் பார்த்து, முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். டாக்டரம்மா அண்ணனை வெளியே அனுப்பினார். அந்த அம்மா குனிந்தார். "யோவ்! இன்னாயா, இன்னும் படுத்துகினு கீற? டூட்டிக்குப் போவல?"

இமை துடித்தது. கண் திறந்து மனைவி பக்கம் திரும்பியது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. டாக்டரம்மா சிரிக்கவில்லை. "இன்னும் ரொம்ப தூரம் இருக்கும்மா. திட்டிக்கிட்டே இருங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

டாக்டரம்மா ஓய்வு பெற்றுப் போய்விட்டார். டார்ச் வார்டிலேயே இருக்கிறது. இந்த வாரம் குமணன்சாவடியில் சாலையைக் கடக்கும்போது அடிபட்ட ஒருவரைக் கொண்டுவந்தார்கள். பர்ஸ் இல்லை, போன் இல்லை, தேடி யாரும் வரவில்லை. புது டாக்டர் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, அசைவில்லை என்று நகர்ந்துவிட்டார். என்னால் நகர முடியவில்லை. அண்ணாத்தே என்றேன். நைனா, மாமே, யோவ் என்றேன். ஒவ்வொன்றுக்கும் முகத்தையே பார்த்தேன். பஸ்ஸில் போனாலும் சோற்றில் கை வைத்தாலும் மனசு கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறது: பெரியவனா, கருப்பா, தம்பியா? ஒருவேளை தமிழே தெரியாதவரோ?

இன்றும் அந்த டார்ச்சை அடித்தேன். கண்ணின் பாப்பா சுருங்கியது. எங்கோ ஒரு வீட்டில், இந்நேரம் யாரோ அந்தப் பெயரைச் சொல்லித்தான் இவரைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.