சொந்தச் சரக்கு

அடிலெய்ட் நகரத்தில் பேருந்தை விட்டு இறங்குகிறவர்கள் ஓட்டுநருக்கு ‘தேங்க் யூ’ சொல்லிவிட்டுத்தான் இறங்குவார்கள். பள்ளிக்கூடப் பிள்ளையிலிருந்து தடி ஊன்றிய கிழவர் வரை யாரும் இதற்கு விலக்கு இல்லை. வந்த புதிதில் எனக்கு இது கூத்தாக இருந்தது. அவர் வேலையை அவர் பார்க்கிறார், இதில் நன்றிக்கு என்ன இருக்கிறது? பிறகு எனக்கும் தொற்றிக்கொண்டது. போன ஜூலை விடுமுறையில் தம்பி கல்யாணத்துக்காக நான் மட்டும் ஊருக்கு வந்திருந்தேன். சித்தையன்கோட்டையிலிருந்து திண்டுக்கல் போன பேருந்தில், இறங்கும்போது வாய் தானாகவே நன்றி சொல்லிவிட்டது. படியில் நின்ற கண்டக்டரின் முகம் சுருங்கிப் போயிற்று. “செத்த தள்ளி நிப்பாட்டுனதுக்குக் குத்திக் காட்டுறீகளாக்கா? பஸ் ஸ்டாண்டுல இம்புட்டுக் கூட்டம், நாங்க என்ன செய்ய?” என்றார். “இல்லப்பா, சும்மாதான் சொன்னேன்” என்றேன். “சும்மா யாருக்கா நன்றி சொல்லுவா?” என்று கேட்டபடி விசிலை ஊதிவிட்டார். ஓரிடத்தில் படித்த ஒழுங்கு இன்னோரிடத்தில் குற்றமாகிவிடும் என்பதற்கு அன்று காலையில் கிடைத்த முதல் பாடம் அது. இரண்டாவது பாடம் கைப்பைக்குள் கைபேசியில் வந்து கிடந்தது, எனக்குத்தான் தெரியவில்லை.

கல்யாண ரவிக்கையை வாங்கத் தையல் கடைக்குப் போகிற வழியில் மின்னஞ்சலைப் பார்த்தேன். அடிலெய்டில் நான் முதுகலை படிக்கிற பல்கலைக்கழகம் அனுப்பியது. நிலத்தடி நீர் பற்றி நான் கொடுத்திருந்த இறுதிக் கட்டுரையில் ‘அகாடமிக் இன்டெக்ரிட்டி’, அதாவது கல்வி நேர்மை விதிகள் மீறப்பட்டிருப்பதாகச் சந்தேகம் எழுந்திருக்கிறது, வீடியோ வழியாக நடக்கும் விசாரணைக் கூட்டத்தில் என் தரப்பைச் சொல்லலாம் என்று மிக மரியாதையாக எழுதியிருந்தார்கள். கீழே ஒரு இணைப்பு. அதைத் திறந்தால் தண்டனைகளின் வரிசை. எச்சரிக்கையில் ஆரம்பித்து, கட்டுரைக்குப் பூஜ்யம், பாடத்தில் தோல்வி என்று படிப்படியாக ஏறி, கடைசியில் பல்கலைக்கழகத்திலிருந்தே நீக்கம். பேருந்து நிலையத்து இரைச்சல் முழுக்கக் காதை விட்டுப் போய்விட்டது. பூக்காரம்மா ஒருவருக்குப் பக்கத்தில் இருந்த சிமென்ட் பெஞ்சில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

வெளிநாட்டில் மாணவர் விசாவில் இருக்கிறவர்களுக்கு இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை. ஊரில் இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். படிப்பு போனால் விசா போகும். என் விசாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டுதான் கணவர் சேவியரும் ஆறு வயது மகள் மெர்சியும் அங்கே இருக்கிறார்கள். அவர் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறார், அவள் ஒன்றாம் வகுப்பு. நான் இங்கே, அவர்கள் அங்கே. நான் இந்தப் பக்கம் இருக்கும்போதே விசாவை நிறுத்திவிட்டால், பிள்ளையைக் கூட்டிவரக்கூட என்னால் அந்த நாட்டுக்குள் காலெடுத்து வைக்க முடியாது. அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து நான் நினைத்தது இதை மட்டும்தான். பட்டத்தைப் பற்றிய நினைப்பே வரவில்லை.

நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி. கல்லூரித் தேர்வு அறைக்குள் பறக்கும் படை வந்தால், பிட் வைத்திருந்தவள் நிம்மதியாக உட்கார்ந்திருப்பாள், எனக்கு உள்ளங்கை வேர்த்துப் பேனா வழுக்கும். பக்கத்துப் பெண் “ஏய் ரெஜினா, செத்தக் காட்டுடி” என்று கெஞ்சினால், அவளுக்குப் பதிலாக நான் அழுதுவிடுவேன். அப்படிப்பட்ட என்னைப் போய்த் திருடி என்கிறார்களே என்று ஆத்திரமும் வந்தது. அந்தக் கட்டுரையை எழுதியபோது மேசை மேல் ஒரு புத்தகம்கூடத் திறந்திருக்கவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

கணினி தயாரித்த அறிக்கையையும் மின்னஞ்சலோடு இணைத்திருந்தார்கள். என் கட்டுரையின் நடுப்பகுதி முழுக்க மஞ்சளும் சிவப்புமாக இருந்தது. வரிக்கு வரி எதிரே ஒரு பழைய பாடப்புத்தகத்தின் பெயர். பார்த்த மாத்திரத்தில் எனக்குப் புரிந்துவிட்டது. திண்டுக்கல் கல்லூரியில் மூன்று வருடமும் நாங்கள் படித்த புத்தகம் அது. அட்டை கிழிந்து, அக்காமார் கை மாறி வந்த புத்தகம். அதை நான் ஊரிலேயே விட்டுவிட்டுத்தான் போனேன். ஆனால் அது என்னோடு விமானம் ஏறிவிட்டது. மண்ணில் உப்பு ஏறுவது எப்படி என்று எழுத உட்கார்ந்தவுடன் கமா, முற்றுப்புள்ளியோடு கையில் இறங்கிவிட்டிருக்கிறது. பார்த்த புத்தகங்களைக் கடைசியில் பட்டியல் போட வேண்டும் என்பது விதி. நான் எதையும் பார்க்கவில்லையே, அதனால் போடவில்லை. பார்த்து எழுதினால் காப்பி, பார்க்காமல் எழுதினால் படிப்பு. எங்கள் பக்கத்தில் பிறந்தவர்களில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள்.

தேர்வு மாதங்களில் எங்கள் தெருவில் விடிகாலைக்கு ஒரு சத்தம் உண்டு. மொட்டை மாடிக்கு ஒரு பிள்ளை, கையில் புத்தகம், கண் மூடியபடி முன்னும் பின்னும் நடை. ஒரே வரியைத் திரும்பத் திரும்பச் சொல்லும் குரல்கள். அர்த்தம் பிறகு வரும், வராமலும் போகும், ஆனால் வரி பிசகக் கூடாது. எங்களுக்கு வகுப்பெடுத்த தவமணி மிஸ் நல்லவர். மதியம் சாப்பிடாமல் வந்த பிள்ளைக்குத் தன் டப்பாவைத் தள்ளிவிடுகிறவர். அவருக்கு ஆகாதது ஒன்றே ஒன்றுதான். “புள்ளைகளா, சொந்தச் சரக்கு மட்டும் விட்றாதீக. புஸ்தகம் எழுதுனவுகளவிட நாம என்ன பெரிய மேதையா? உள்ளது உள்ளபடி எழுது, முழு மார்க்க வாங்கிக்க” என்பார். முதல் வருடம் ஒருமுறை, எங்கள் தோட்டத்துக் கிணறு கோடைக்குக் கோடை உப்புக்கரித்துப் போன கதையை உதாரணமாக ஒரு பதிலில் எழுதிவிட்டேன். சிவப்பு மையில் சுழித்து, ஓரத்தில் ‘சொந்தச் சரக்கு’ என்று எழுதி, மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார். அதன்பிறகு அந்தக் கிணற்றை நான் எந்தத் தாளிலும் எடுக்கவில்லை. பல்கலைக்கழக அளவில் ரேங்க் வாங்கினேன். அந்த ரேங்க்தான் எனக்கு அடிலெய்டில் இடம் வாங்கித் தந்தது.

கல்யாண வீட்டில் யாரிடம் சொல்வது? புகைப்படக்காரர் சிரிக்கச் சொன்னபோதெல்லாம் சிரித்தேன். பந்தியில் வெஞ்சனம் பரிமாறினேன். ஆடிக் காற்று முன்கூட்டியே வந்து பந்தலைத் தூக்கித் தூக்கிப் போட்டது. ஒவ்வொரு படபடப்புக்கும் என் நெஞ்சு ஒருமுறை நின்று ஓடியது. கைபேசி ‘டிங்’ என்றால் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு எடுத்துப் பார்த்தேன். சேவியரிடம் மட்டும் போனில் சொன்னேன். “பாப்பாகிட்ட சொல்லாத ரெஜி. இங்க நான் பாத்துக்கிறேன்” என்றார். எதைப் பார்த்துக்கொள்வார் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. மெர்சி கைபேசியை வாங்கி, நான் சொல்லிக் கொடுத்திருந்தபடி தன் அம்மாச்சிக்கு ஒப்பித்தாள்: “என் பேரு மெர்சி. எங்க ஊரு திண்டுக்கல்லு.” அம்மா பூரித்துப்போய்ப் பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டு இன்னொரு தடவை சொல்ல வைத்தார். மெர்சி ஓர் எழுத்து மாறாமல் மறுபடியும் சொன்னாள்.

அம்மாவிடம் மறைக்க முடியவில்லை. விசாரணை என்ற வார்த்தையைக் கேட்டதுமே அவருக்குக் காவல் நிலையம்தான் கண்ணில் நின்றது. “நீ பாத்து எழுதுனியாத்தா?”

“இல்லம்மா. மனப்பாடமா எழுதுனேன்.”

“மனப்பாடமா எழுதுனதுக்கா ஒறுக்கப் பாக்குறாக? அது ஆண்டவர் குடுத்த புத்தியில்ல? தைரியமா ஒப்பிச்சுக் காட்டு. வாயடைச்சுப் போவாக.” அவர் சொன்னதில் எனக்கும் நம்பிக்கை வந்துவிட்டது என்பதுதான் வேடிக்கை.

தம்பியின் வாடகை வீடு திண்டுக்கல் நாகல்நகரில் இருந்தது. அங்கே இணையம் நன்றாக வரும் என்று விசாரணைக்கு அங்கேயே உட்கார்ந்தேன். கதவுக்கு வெளியே அம்மா ஜெபமாலையோடு. திரையில் இரண்டு பேர், நரைத்த ஒரு பேராசிரியை, இளவயது அலுவலர் ஒருவர். அதட்டல் இல்லை, முறைப்பு இல்லை. தண்ணீர் வேண்டுமானால் குடித்துக்கொள்ளுங்கள் என்றார்கள். அதட்டியிருந்தால் எனக்குப் பழக்கம் உண்டு, இந்தக் கனிவுதான் பயத்தை அதிகமாக்கியது. இந்தப் பத்திகள் எங்கிருந்து வந்தன என்று கேட்டார் பேராசிரியை. நான் எதையும் பார்க்கவில்லை, என் மனதிலிருந்து வந்தன என்றேன். வரி தவறாமல் ஒரு புத்தகத்தோடு ஒத்துப்போகிறதே என்றார். நான் காத்திருந்த தருணம் வந்துவிட்டது. “நான் சொல்லிக் காட்டட்டுமா?” என்று கேட்டேன். அவர் தலையசைப்பதற்குள் கண்ணை மூடி ஆரம்பித்துவிட்டேன். மொட்டை மாடி நடை காலில் வந்துவிட்டது, உட்கார்ந்தபடியே பாதம் ஆடியது. கட்டுரையில் இருந்ததைத் தாண்டி, அடுத்த பத்தி, அதற்கடுத்த பத்தி என்று புத்தகத்தின் பக்கம் முடிகிறவரை சொன்னேன். கண்ணைத் திறந்தபோது இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பேராசிரியை மெதுவாகக் கேட்டார். “அப்படியென்றால், இவை உங்கள் சொற்கள் அல்ல என்பது எழுதும்போதே உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. இல்லையா?”

அந்த நொடியில்தான் எனக்கு விளங்கியது. நிரபராதி என்று காட்ட நான் கொண்டுபோன ஒரே சாட்சி, என் குற்றத்துக்கான சாட்சி. எங்கள் ஊரில் இதைத்தான் படிப்பு என்பார்கள் என்று எதையோ உளறினேன். கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். முடிவை எழுத்தில் தெரிவிப்போம் என்று சொல்லித் திரையை மூடினார்கள். கதவைத் திறந்த அம்மா, “நல்லா ஒப்பிச்சத்தா, எனக்கு வெளிய வரைக்கும் கேட்டுச்சு” என்றார். அவர் மடியில் முகத்தை வைத்து அழுதேன். சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்துத் தலையைத் தடவிக் கொடுத்தார்.

முடிவு வராமலே மதுரையில் விமானம் ஏறினேன். நான் ஆகாயத்தில் இருக்கிற நேரத்தில் விசா செல்லாமல் போனால், இறங்கியவுடன் திருப்பி அனுப்புவார்களா, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மெர்சி நிற்பதையாவது பார்க்க விடுவார்களா என்று யோசித்துக்கொண்டே போனேன். சிங்கப்பூரில் விமானம் மாறும் இடத்தில் கைபேசியை உயிர்ப்பித்தபோது மின்னஞ்சல் வந்து கிடந்தது. திறக்கத் துணிவில்லை. பக்கத்து இருக்கையில் இருந்த சீன மூதாட்டி என் கை நடுங்குவதைப் பார்த்துவிட்டுக் குளிர் என்று நினைத்துத் தன் சால்வையை நீட்டினார். அதைப் போர்த்திக்கொண்டு படித்தேன். விதி மீறப்பட்டது உண்மை, ஆனால் ஏமாற்றும் எண்ணம் இருந்ததாகத் தெரியவில்லை. முதல் முறை என்பதால் கட்டுரையை மறுபடி எழுதித் தர அனுமதி. தேர்ச்சிக்குரிய குறைந்தபட்ச மதிப்பெண்ணுக்கு மேல் கிடைக்காது. எழுதுவது முழுக்க ‘உங்கள் சொந்த வார்த்தைகளில்’ இருக்க வேண்டும். விசாவுக்கு ஆபத்து இல்லை. சால்வையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அந்த அம்மாளுக்கு மூன்று தடவை நன்றி சொன்னேன்.

நிம்மதி அடிலெய்ட் வரைக்கும்தான் தாங்கியது. எழுத உட்கார்ந்தால் வேறொரு பயம். ஒரு வாக்கியம் மனதில் எழுந்ததும், இது யாருடையது என்று கேட்டேன். அடித்தேன். அடுத்ததையும் அடித்தேன். மனப்பாடம் செய்ததையெல்லாம் கழித்துவிட்டால் உள்ளே ரெஜினா என்று யாராவது மிஞ்சுகிறார்களா என்றே சந்தேகம் வந்துவிட்டது. கடைசியில் அந்தக் கிணற்றை எழுதினேன். எங்கள் தோட்டத்துக் கிணறு, சிவப்பு மையில் சுழிக்கப்பட்ட அதே கிணறு. எழுதி அனுப்பும் பொத்தானை அழுத்தும்போது தவமணி மிஸ் முதுகுக்குப் பின்னால் நிற்பது போலவே இருந்தது. தேறிவிட்டேன். ஆனாலும் இன்றைக்கு வரை, நல்ல வாக்கியம் ஒன்று கையிலிருந்து விழுந்தால் எனக்குச் சந்தோஷத்துக்கு முன்னால் நடுக்கம்தான் வருகிறது.

கட்டுரையை அனுப்பிய அந்த வாரமே மெர்சி பள்ளியிலிருந்து ஒரு தாளைக் கொண்டுவந்தாள். உன் வீட்டைப் பற்றி உன் சொந்த வார்த்தைகளில் எழுது என்று ஆசிரியை சொன்னாராம். இந்த நாட்டில் ஆறு வயதிலேயே ஆரம்பித்துவிடுகிறார்கள். நான் சொல்லிக் கொடுத்த வரி அதில் இருக்கும் என்று தேடினேன். இல்லை. கோணல் கோணலான ஆங்கில எழுத்தில் அவள் எழுதியிருந்தது இதுதான்: ‘என் வீடு அடிலெய்டில் இருக்கிறது. அம்மாவுடைய வீடு திண்டுக்கல்லில் இருக்கிறது. அம்மா அங்கே போனால் அவரைத் திரும்ப விட மாட்டார்களோ என்று எனக்குப் பயம்.’ அவளிடம் யாரும் எதையும் சொல்லவில்லை. எந்தப் புத்தகத்திலிருந்தும் அவள் இதை எடுக்கவில்லை. ஓரத்தில் ஆசிரியை ஒரு நட்சத்திரம் ஒட்டியிருந்தார்.

கீழே ஒரு படம். ஒரு வீடு, வாசலில் அப்பாவும் அவளும். மேலே ஒரு விமானம், அதன் சன்னலில் நீளச் சடையோடு நான். விமானத்தின் இரண்டு முனைகளையும் ஒன்றுபோலவே வரைந்திருந்தாள்.

“இது போகுதா பாப்பா, வருதா?” என்று கேட்டேன்.

மெர்சி தாளை வாங்கி உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “தெரியலம்மா. நீதான உள்ள இருக்க?”